பதினோராவது நோன்பு

அந்தக் காலத்துச் செல்போனில் ஒரு புரோகிராம் செத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். சின்னத் திரையில் ஆச்சரியக்குறி ஒன்று வரும். அதற்குக் கீழே 'அப்ளிகேஷன் எரர்' என்று வரும். அதற்கும் கீழே, எழுதியவனைத் தவிர வேறு யாருக்கும் புரியாத ஒரு வரி. பொத்தானை அழுத்தினால் புரோகிராம் மூடிக்கொள்ளும். போன் வைத்திருப்பவர் எழுதியவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார். எனக்கு அந்தத் திரையைக் கண்டாலே ஆகாது. யாராவது என் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி அதைக் காட்டினால் காது சூடாகிவிடும்.

விஷயம் பெரிய சிக்கலானது ஒன்றும் இல்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராதது ஏதாவது நடந்தால், அது கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கத்தும். அந்தக் கத்தலுக்கு எக்ஸெப்ஷன் என்று பெயர். அதைப் பிடித்து என்ன ஏது என்று விசாரிக்க எழுதியவன் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தால் அங்கே போய் நிற்கும். ஒதுக்காவிட்டால், யாரும் பிடிக்காமல் மேலே மேலே போய், கடைசியில் போனே புரோகிராமை இழுத்து மூடிவிடும். பெரிய கம்ப்யூட்டர்களில் அப்படித் தப்பி வருவதையெல்லாம் மொத்தமாகப் பிடிக்க ஒரு பொது வாசல் வைக்கலாம். நாங்கள் போனுக்கு எழுதிய ஜாவா மொழியில் அந்த வசதி கிடையாது. புரோகிராம் தொடங்கும் இடம், பொத்தான் அழுத்தும் இடம், பின்னால் கடிகாரம் ஓடும் இடம் என்று ஒவ்வொரு வாசலிலும் நாமே ஆள் போட வேண்டும்.

நான் வேலை பார்த்தது அண்ணா சாலையில், போனுக்கு விளையாட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். வாடிக்கையாளர் எதைப் பார்த்தாலும் பரவாயில்லை, அந்த ஆச்சரியக்குறியை மட்டும் பார்க்கக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். எந்த வாசலில் எந்தக் கத்தல் வந்தாலும் பிடி, வாயைப் பொத்து, ஏதாவது ஒரு மதிப்பை வைத்து ஒப்பேற்று, ஆட்டம் ஓடட்டும். கிரிக்கெட் விளையாட்டில் ஒரு பீல்டர் திடீரென்று காணாமல் போவான். ஆடுபவன் அதைக் கவனிக்கக்கூட மாட்டான். நான் இதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வீடு ராயபுரத்தில். அத்தா, என் அப்பா, எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு இரும்பு யார்டில் கிரேன் ஆப்பரேட்டர். கப்பலில் வந்த தகடும் சுருளும் அங்கே வந்து இறங்கும். அத்தா மேலே கேபினில் உட்கார்ந்திருப்பார். கீழே ஒரு சிக்னல்மேன் நின்று கையால் சைகை காட்டுவார். ஏற்று, இறக்கு, நிறுத்து, மெல்ல. மேலே இருப்பவருக்குக் கீழே சுமை எங்கே உட்காருகிறது என்று சரியாகத் தெரியாது. கை என்ன சொல்கிறதோ அதுதான். அத்தாவுக்குப் பல வருடமாக ஒரே சிக்னல்மேன். வியாசர்பாடிக்காரர், பௌத்தர், அவர் வீட்டுச் சுவரில் புத்தர் படம் மாட்டியிருக்கும். அத்தா அவரை தோஸ்து என்பார். அவர் அத்தாவை பாய் என்பார். நான் அவரை மாமா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன்.

மாமா வருடத்துக்கு ஒரு நோன்பு வைப்பார். ரமலான் மாதத்தில் நடுவில் வரும் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை. யாரும் கேட்டு வைத்ததில்லை, யாரும் ஏன் என்று கேட்டதுமில்லை. அன்றைக்கு வெயிலில் நின்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கை காட்டுவார். சாயங்காலம் யார்டில் நோன்பு வைத்தவர்கள் எல்லாரோடும் சேர்ந்து திறப்பார். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே வராது. ஒவ்வொரு வருடமும் நடக்கிற காரியத்தைப் பற்றி யார் பேசுவார்கள்.

போனில் புளூடூத் வந்த புதிது. ராயபுரத்து டீக்கடைகளில் பாட்டும் படமும் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பறந்துகொண்டிருந்தன. எனக்கு ஓர் ஆசை வந்தது. பள்ளிவாசலில் அடித்துத் தரும் நோன்பு அட்டையில் தினம் விடிவதற்கு முன் சாப்பிடும் சஹர் முடியும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் இருக்கும். அதைப் போனில் போட்டால் என்ன? ராயபுரத்துக்குள் இருப்பவருக்குப் பாங்கு காதில் விழும். எண்ணூர் பக்கம் யார்டிலும் பட்டறையிலும் இருப்பவருக்கு இரும்புச் சத்தத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது. நேரம் வந்ததும் போன் மணி அடித்துச் சொன்னால் உபகாரம்தானே. நன்மைக்குச் செய்கிறோம் என்றுதான் செய்தேன். அட்டையைப் பார்த்து மாதம் முழுவதும் தட்டினேன். பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுப் புரோகிராமைத் திறந்து வைத்தால், சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தில் மணி அடிக்கும்.

முதல் பதிப்பை நோன்புக்கு முந்தைய வாரமே நாலைந்து பேருக்கு அனுப்பினேன். என்னுடையது கம்பெனி கொடுத்த விலை உயர்ந்த போன், அதில் ஜோராக ஓடியது. மலிவான போன்களில் மாதத்தின் மொத்த நேரத்தையும் ஒரேயடியாக ஏற்ற முடியாமல் திறக்கும்போதே ஆச்சரியக்குறி. எதிர் வீட்டு மச்சான் ஒருவன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் போனைத் தூக்கிக் காட்டி, என் புரோகிராம் நோன்பு வருவதற்குள்ளேயே மௌத்தாகிவிட்டது, அடக்கம் செய்ய எல்லாரும் ஜனாசாவுக்கு வாருங்கள் என்றான். கடையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இரண்டு காரியம் செய்தேன். மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்று கோப்பாகப் பிரித்தேன். பிறகு, கம்பெனியில் செய்வதைப் போல, எல்லா வாசலிலும் ஆள் போட்டேன். என்ன கத்தினாலும் பிடி, வாயைப் பொத்து. ஆனால் வாயைப் பொத்திய பிறகு திரையில் ஏதாவது ஒரு நேரத்தைக் காட்ட வேண்டுமே. அட்டை மேஜையில் கிடந்தது. கண்ணில் பட்டது கடைசி வரி. அந்த நேரத்தையே வைத்தேன். ஒரே மாதத்துக்குள் சூரியன் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

சூரியன் ஓடியது. அந்த வருடம் ரமலான் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் வந்தது. நாளுக்கு நாள் மஃரிப் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியின் நேரத்தை மாதத்தின் முற்பகுதியில் காட்டினால், சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்பே மணி அடிக்கும். இதை அட்டையை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்த எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். நான் அட்டையைப் படிக்கவில்லை, தட்டினேன்.

புதிய பதிப்பு ஒரு போனிலும் சாகவில்லை. மச்சானே வந்து தோளில் தட்டிவிட்டுப் போனான். போனிலிருந்து போனுக்குப் பறந்து, நான் முன்பின் பார்த்திராதவர்களிடம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. அத்தாவின் மலிவு போனிலும் போட்டுக் கொடுத்தேன். கேபினில் செல்போன் கூடாது என்பது யார்டின் சட்டம். அதனால் அத்தாவின் போன் எப்போதும் மாமாவின் சட்டைப் பையில்தான் இருக்கும். மணி அடித்ததும் மாமா இரண்டு கையையும் அகல விரித்து நிறுத்தச் சொல்வார். பிறகு கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டுவார். அத்தா சுமையை இறக்கிவிட்டு, கேபினிலேயே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொள்வார். பத்து நாள் இப்படி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

பதினோராவது நோன்பு வெள்ளிக்கிழமை. வானம் மூடியிருந்தது. கம்பெனியில் சீக்கிரம் விட்டார்கள். நான் பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. திடீரென்று பக்கத்து வரிசையில் ஒருவர் சட்டைப் பையில் மணி அடித்தது. நான் வைத்த அதே மணி. அதற்குப் பின்னால் இன்னொரு பையில். எல்லாரும் மணி வந்த பக்கம் பார்த்தார்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். உன் மணிக்கு ரொம்பப் பசி போல என்று ஒருவர் என்னைக் கேலி செய்தார். யாரும் கோப்பையைத் தொடவில்லை. பாங்கு காதில் விழும் தூரத்தில் இருப்பவருக்கு என் மணி ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

என் போன் மட்டும் சும்மா இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு இரண்டாவது கோப்பு திறக்க வேண்டிய நாள். நான் முதல் கோப்பை மூடாமலே இரண்டாவதைத் திறக்கச் சொல்லியிருந்தேன். என் போன் பொறுத்துக்கொண்டது. மலிவான போன்கள், கோப்பு மாறும் இந்த ஒரு நாள் மட்டும், பொறுத்துக்கொள்ளாமல் கத்தியிருக்கின்றன. அந்தக் கத்தலைத்தான் நான் வாயைப் பொத்தி வைத்திருந்தேன். பொத்தாமல் விட்டிருந்தால் அந்த ஆச்சரியக்குறி வந்திருக்கும், எல்லாரும் என்னைத் திட்டிவிட்டு வாட்சைப் பார்த்து நோன்பு திறந்திருப்பார்கள்.

எழுந்து வெளியே ஓடிப்போய் அத்தாவின் போனுக்கு அடித்தேன். மாமாதான் எடுத்தார். பின்னால் இரும்புச் சத்தம் இல்லை, கிரேன் நின்றிருந்தது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தொறந்தாச்சு நைனா. உன் மணி டக்குனு அட்ச்சிது, நான் கை காட்டுனேன். உங்கத்தா மேல துன்னுகினு கீறாரு. இன்னிக்கி நானும் நோன்புதான், தெரியுமில்ல?"

மறந்தே போயிருந்தேன். அந்த வருடத்து நோன்புக்கு அவர் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் எடுத்திருந்தார். மாமா, இன்னும் நேரம் ஆகவில்லை, நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எதையோ மென்றுகொண்டிருப்பது காதில் கேட்டது. சரி மாமா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் பாங்கு சொன்னார்கள்.

அத்தா வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் கைகால் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். இருவரும் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் போனபோது, தொழவைக்கும் ஹஜ்ரத்தைக் கேட்டார். தெரியாமல் திறந்ததற்குப் பாவம் இல்லை, ஆனால் அந்த நோன்பு செல்லாது, ரமலான் முடிந்து அதற்குப் பதில் ஒன்று களா செய்துவிட வேண்டும் என்றார் ஹஜ்ரத். தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிவித்துவிடு தம்பி, தெரியாமல் போனால் அவர்கள் அந்த நோன்பைச் சேர்த்தே கணக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி நடக்கும்போது அத்தா, யார்டு ஆட்களிடம் தான் சொல்லப் போவதில்லை என்றார். செய்தது நீ, நீதான் வந்து சொல்ல வேண்டும் என்றார். மறுநாள் ஷிப்டு விடும் நேரத்தில் யார்டு கேட்டில் போய் நின்றேன். வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், நீ படிச்ச படிப்புக்கு இது தேவையா என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மாமாவுக்கு அன்றைக்கு வார லீவு. அவனாண்ட வூட்டுக்குப் போயே சொல்லிடு என்றார் அத்தா.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றினேன். யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போனேன். காலடிப்பேட்டையில் ஒரு வெல்டர், கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, சரி, ஒன்னு வெச்சுட்டாப் போச்சு என்று மறுபடி நெருப்புப் பொறி பறக்க விட்டார். தண்டையார்பேட்டையில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. மெஷின் சத்தத்தில் பாங்கு கேட்காது என்று அவர் போனை நடுவில் வைத்துத்தான் அந்தத் தளத்தில் இருந்த பெண்கள் எல்லாம் திறந்திருக்கிறார்கள். அவர் என்னை வீட்டு வாசலிலேயே நிற்க வைத்துக் கிழித்தார். அதில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி, முடியாமல் முடியாமல் வைத்த நோன்பு, இப்போது நான் அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது, நீயே வந்து சொல் என்றார். கடைசியில் அவரே, போ, நான் சொல்லிக்கிறேன் என்று அனுப்பினார்.

கொருக்குப்பேட்டையில் இருவரிடம் சொல்லி முடித்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டினால் வியாசர்பாடி எட்டிவிடும் தூரம்தான். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வாய் உலர்ந்து, காலையிலிருந்து வாங்கிய திட்டில் மனசும் உலர்ந்து நின்றேன். அப்போது எனக்கு ஒரு வசதியான யோசனை தோன்றியது. மாமாவுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? களா என்பது நமக்குத்தான். அவர் நம் மார்க்கத்து ஆள் இல்லையே. அவர் பிரியத்துக்கு ஒரு நாள் பட்டினி இருக்கிறார், அதில் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்? சொன்னால் வீணாக அவர் மனசு சங்கடப்படும். இப்படி அவருக்கு நல்லது செய்வதாக என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், போனில் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிய மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கேட் திறக்கும் முன்பே திரும்பி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எல்லாருக்கும் சொல்லியாச்சா என்று அத்தா கேட்டார். சொல்லியாச்சு என்றேன். தோஸ்துக்கு? அவருக்கும் என்றேன்.

அன்றைக்கே புரோகிராமைத் திருத்தினேன். கோப்பை ஒழுங்காக மூடினேன். வாசல்களில் வாயைப் பொத்திய ஆட்களை எல்லாம் உண்மையைச் சொல்லும்படி மாற்றினேன். இனி எதிர்பாராதது நடந்தால் போன் மணி அடிக்காது, 'நேரம் தெரியவில்லை, பாங்கு கேட்டுத் திறக்கவும்' என்று ஆங்கில எழுத்தில் தமிழாகக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். புதியதை எல்லாருக்கும் அனுப்பி, அத்தாவின் போனிலும் போட்டேன். மீதி நாட்களில் சரியாகவே ஓடியது. இந்தத் திருத்தத்தை எழுத எனக்கு ஆன நேரம் கொஞ்சம்தான். மாமாவிடம் போக அதைவிடக் கொஞ்ச நேரமே ஆகியிருக்கும்.

அத்தாவும் மாமாவும் தினமும் ஒன்றாக வேலை செய்பவர்கள்தான். ஆனால் அத்தா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தப்பான நேரத்தில் கை காட்டியது மாமா, அதைப் பேசினால் அவர் வருத்தப்படுவார் என்று அத்தா நினைத்திருக்கிறார். மாமா வழக்கம்போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எவ்வளவு பெரிய மனசு என்று வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெருநாளுக்கு மாமா வந்தார். ஒவ்வொரு வருடமும் வருவார். பிரியாணியை நான்தான் பரிமாறினேன். அடுத்த வருசமும் இத்தெ வெச்சிக்கலாம் நைனா, சொம்மா சொல்லக் கூடாது, மெய்யாலுமே ஷோக்கா கீது உன் மணி என்றார். என் கையில் கரண்டி இருந்தது. இன்னும் கொஞ்சம் கறியை அவர் தட்டில் வைத்தேன்.

பெருநாள் முடிந்து அடுத்த வாரத்தில் ஒரு நாள், யார்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து களா வைத்தார்கள். தனியாக வைப்பதைவிடக் கூட்டமாக வைப்பது சுலபம். யார்டில் டீ மேலே போவது கயிற்றில்தான். மாமா பையில் கட்டி விடுவார், அத்தா இழுத்துக்கொள்வார். அன்றைக்கு அத்தா மேலிருந்து வேண்டாம் என்று கையாட்டினார். மாமாவுக்குப் புரியவில்லை. கீழே பார்த்தால் மற்றவர்களும் டீ குடிக்கவில்லை. ஒருவரைக் கேட்டிருக்கிறார். அன்னிக்கு மணி முன்னாடியே அடிச்சிடுச்சுல்ல, அதுக்குத்தான், உனக்குத் தெரியாதா என்று அவர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் அத்தாவோடு மாமாவும் வீட்டுக்கு வந்தார். அத்தா என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நோன்பு திறக்கும்வரை மாமா காத்திருந்தார். அத்தா தண்ணீர் குடித்து முடித்த பிறகு மாமா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாராண்டயும் போய் சொன்னியாமே. என்னாண்ட மட்டும் ஏன் நைனா சொல்லல?"

அந்தக் களா உங்களுக்குக் கட்டாயம் இல்லை மாமா, அதனால்தான் என்றேன்.

"ஹஜ்ரத்தாண்ட கேட்டியா?"

இல்லை என்றேன்.

"கேக்காமயே எனக்கு வாணான்னு நீயே முடிவு பண்ணிகினே." அவர் சத்தம் போடவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான்தான கை காட்டுனேன். இத்தினி வருசமா உங்கத்தா என் கைய பாத்துத்தான் எறக்குறாரு. தப்பா காட்டிட்டேன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. பெருநாளுக்கு வந்து குந்திகினு துன்னுட்டுப் போறேன், அப்பவும் சொல்லல."

அம்மா டீ கொண்டு வந்தாள். வேணாம்மா என்றார் மாமா. அத்தாவின் போனைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டி, அந்த மணியை எடுத்துவிடச் சொன்னார். நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அது போனதைப் பார்த்துவிட்டு எழுந்தார். அத்தா வாசல்வரை கூடப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது.

அத்தா திரும்பி வந்து, புரோகிராம் தப்பாகப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவனிடம் சொல்லிவிட்டேன் என்று என்னிடம் பொய் சொன்னாயே என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் என்னைத் திட்டியதே இல்லை. நான் மறுநாளே வியாசர்பாடிக்குப் போனேன். மாமா வீட்டில் நல்லபடியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்றபோது, வுடு நைனா என்றார். அதை வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர, அவர் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கொண்டுவந்த டீயைத் தள்ளி வைத்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டோம். ஒன்றுமில்லை என்றார். அப்புறம் அவரே சொன்னார்.

"அந்த நோன்ப தோஸ்து வெச்சு முடிச்சுட்டானாம். போன செவ்வாக்கெயமை. பேச்சுவாக்குல இன்னிக்கி சொல்றான்."

தனியாகவா என்று அம்மா கேட்டாள்.

"தனியாத்தான். அன்னிக்கி முச்சூடும் கீழ நின்னு கை காட்டிகினுதான் இருந்தான். எனக்கு ரெண்டு வாட்டி டீ கயித்துல கட்டி அவன்தான் மேல அனுப்பிச்சான். நானும் வாங்கிக் குடிச்சிகினு இருந்தேன்." அத்தா என்னைப் பார்க்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் கூட வெச்சிருப்பேன். சொல்லலியே."

அவர் ஏன் சொல்லவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவரைச் சேர்க்காமல் எல்லாரும் வைத்த நோன்பு அது, அவரும் யாரையும் சேர்க்காமல் வைத்துவிட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அத்தா எழுந்து தொழுகைக்கு ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனார். நான் ஆறிப்போன அந்த டீயை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் கொட்டினேன்.